நல்ல பாக்டீரியா வேணும்னா முதல்ல எந்த பாக்டீரியா, யாருக்கு, எதுக்குன்னு கேளுங்க: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

"நல்ல பாக்டீரியா எடுத்துக்கோங்க, வயிறு சரியாயிடும்"னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா எந்த பாக்டீரியா, எவ்வளவு, எத்தனை நாள், எந்தப் பிரச்சினைக்குன்னு திருப்பிக் கேட்டா பெரும்பாலும் பதில் வராது. அந்த நாலு கேள்விக்கும் நீங்களே பதில் தேடிக்கிற அளவுக்கு விஷயத்தைச் சொல்லணும்னுதான் இதை எழுதுறேன். மாடு, கோழி, நாய், தேனீ வளர்க்கிறவங்களுக்கும் சேர்த்தேதான் எழுதியிருக்கேன், ஏன்னா மனுஷன் வயித்துல நல்லது பண்ற அதே வேலை மாட்டு வயித்துல மாட்டையே சாய்ச்சிடும், அதைத் தெரிஞ்சுக்காம "நல்லது"ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் நம்புறது ஆபத்து.

படி 1: இவங்க யாருன்னு பாருங்க

நல்ல பாக்டீரியான்னு பொதுவா சொல்றது பெரும்பாலும் லாக்டிக் ஆசிட் பாக்டீரியாவைத்தான். அது ஒரே ஒரு பாக்டீரியா இல்ல, ஒரு பெரிய கூட்டம். சர்க்கரையைத் தின்னுட்டு லாக்டிக் அமிலத்தை வெளிய விடுற, ஸ்போர் (சூட்டைத் தாங்குற விதை மாதிரி வடிவம்) உண்டாக்காத, கிராம் பாசிட்டிவ் (ஆய்வகச் சாயச் சோதனையில ஊதா நிறம் பிடிக்கிற) பாக்டீரியாக்கள் எல்லாத்தையும் இந்தப் பேர்ல சேர்த்துச் சொல்றோம். லாக்டோபேசில்லஸ், லாக்டோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டரோகாக்கஸ், லியூகோனோஸ்டாக், பீடியோகாக்கஸ் எல்லாம் இதுல வரும். சிலது குளுக்கோஸை கிட்டத்தட்ட முழுசா லாக்டிக் அமிலமா மாத்திடும், சிலது லாக்டிக் அமிலத்தோட கூடவே கார்பன் டை ஆக்சைடு, எத்தனால் இல்லன்னா அசிட்டிக் அமிலம்னு கலந்து விடும். பிஃபிடோபாக்டீரியம்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, அது பரம்பரைப்படி பாத்தா வேற குடும்பம், ஆனா அதுவும் லாக்டிக் அமிலம் பண்றதாலயும் இதே இடத்துல வாழ்றதாலயும் பேச்சுல சேர்த்தே சொல்லிடுவாங்க, நானும் அப்படியே சேர்த்துக்கறேன்.

எப்படி உதவி பண்ணுது? முதல் ஆயுதம் அமிலம்தான், சுத்தி இருக்கிற இடத்தோட பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டுற அளவு, எண் குறைஞ்சா அமிலம் கூடுதல்) குறைஞ்சா நிறைய நோய்க்கிருமிகளால அங்க வளர முடியாது. அதுக்கு மேல பாக்டீரியோசின்னு ஒரு வகை சின்னப் புரதத்தை வெளிய விட்டு பக்கத்துல இருக்கிற மத்த பாக்டீரியாவைக் கொல்லும், லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பண்ற நிசின் அதுல ஒண்ணு, இ234ங்கிற எண்ணோட உணவைக் கெடாம வைக்கிறதுக்கே அதைச் சேர்க்கறாங்க. அப்புறம் ரொம்ப பேர் கவனிக்காத ஒரு வேலை இருக்கு, இவங்க வெளிய விடுற லாக்டேட்டை (லாக்டிக் அமிலத்தோட இன்னொரு வடிவம்) பெருங்குடல்ல இருக்கிற வேற சில பாக்டீரியா எடுத்துத் தின்னுட்டு பியூட்டிரேட்டா மாத்தும், அந்த பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். அதாவது இவங்க எண்ணிக்கையில கொஞ்சமா இருந்தாலும் இவங்க பண்ற பொருளை வச்சு மத்தவங்க வாழ்றாங்க.

வரலாறு சுருக்கமா: 1857ல லூயி பாஸ்டர் பால் புளிக்கிறது உயிரோட இருக்கிற நுண்ணுயிரிகளாலன்னு காட்டினார், 1899ல ஹென்றி டிசியே தாய்ப்பால் குடிக்கிற குழந்தையோட மலத்துல இருந்து பிஃபிடோபாக்டீரியாவைப் பிரிச்சு எடுத்தார், அப்புறம் எலி மெட்ச்னிகாஃப் (1908ல நோபல் வாங்கினவர், ஆனா அது நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட வேலைக்கு) புளிச்ச பால்ல இருக்கிற பாக்டீரியா முதுமையைத் தள்ளிப் போடும்னு நம்பிப் பேசினார். இன்னிக்கு கடையில இருக்கிற எல்லா புரோபயாட்டிக் (நன்மைக்காக உயிரோட எடுத்துக்கிற நுண்ணுயிரி) டப்பாவும் அந்த நம்பிக்கையோட தொடர்ச்சிதான்.

ஒரு விஷயம் மட்டும் மறக்காம வச்சுக்கோங்க. 2020ல லாக்டோபேசில்லஸ்ங்கிற பேரினத்தை (பல இனம் சேர்ந்த பெரிய பிரிவு) உடைச்சு 25 பேரினமா பிரிச்சுட்டாங்க, அதுல 23 புதுப் பேர். அதனால பழைய லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் இப்ப லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ், பிளான்டாரம் இப்ப லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம், ரியூட்டெரி இப்ப லிமோசிலாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி. அசிடோஃபிலஸ், கிரிஸ்பேட்டஸ் மாதிரி சிலது பழைய பேர்லயே இருக்கு. ரெண்டு டப்பாவுல ரெண்டு பேர் இருந்தா வேற வேறன்னு நினைச்சு ரெண்டையும் வாங்கிடாதீங்க, பின்னாடி வர்ற பேரைப் பாருங்க, அது பெரும்பாலும் மாறல.

படி 2: உங்க உடம்புல எங்க இருக்காங்க

இங்கதான் நிறைய பேருக்கு ஆச்சரியம் வரும். மனுஷ உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கும்னு 2016ல வந்த ஒரு கணக்கு சொல்லுது, பெரும்பாலும் பெருங்குடல்லதான். ஆனா அந்தக் கூட்டத்துல வளர்ந்த ஒருத்தரோட லாக்டோபேசில்லஸ் வகையறா பங்கு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழதான். விளம்பரத்தைப் பாத்தா வயிறு முழுக்க இவங்கதான்னு தோணும், அப்படி இல்ல. சிறுகுடல்லயும் வாயிலயும் இவங்க பங்கு கொஞ்சம் கூடுதல்.

தாய்ப்பால் குடிக்கிற குழந்தை கதையே வேற, அங்க பிஃபிடோபாக்டீரியாதான் ராஜா. தாய்ப்பால்ல லாக்டோஸ் (பால் சர்க்கரை), கொழுப்புக்கு அடுத்தபடியா அதிகமா இருக்கிற திடப்பொருள் ஒலிகோசாக்கரைடுகள்னு ஒரு வகை சர்க்கரைச் சங்கிலி, ஒரு லிட்டர்ல 5 முதல் 15 கிராம் வரைக்கும் இருக்கும், அதைக் குழந்தையால செரிக்கவே முடியாது! அது குழந்தைக்கான சாப்பாடே இல்ல, குழந்தை குடல்ல இருக்கிற பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் இன்ஃபான்டிஸ் மாதிரியான பாக்டீரியாவுக்கான சாப்பாடு. ஒரு தாயோட உடம்பு குழந்தைக்காக மட்டும் இல்லாம குழந்தையோட பாக்டீரியாவுக்காகவும் மெனக்கெட்டு சமைக்குதுன்னு நினைச்சுப் பாத்தா எனக்கு இன்னும் மலைப்பாதான் இருக்கு.

பெண்களோட பிறப்புறுப்புப் பாதையிலதான் லாக்டோபேசில்லஸ் உண்மையிலேயே ஆதிக்கம் பண்ற இடம். கிரிஸ்பேட்டஸ், ஜென்செனி, கேசெரி, இனெர்ஸ்னு நாலு பேர் முக்கியம். ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனால அந்தச் சுவர்ல கிளைக்கோஜென்னு ஒரு மாவுப்பொருள் சேரும், அது உடைஞ்சு இவங்களுக்குச் சாப்பாடு ஆகும், இவங்க அமிலம் விட்டு பிஎச்சை 4.5க்குக் கீழ வச்சுக்குவாங்க. கிரிஸ்பேட்டஸ் இருந்தா நிலைமை நிதானமா இருக்கும், இனெர்ஸ் மட்டும் இருந்தா சீக்கிரம் மாறிடும். எல்லா ஆரோக்கியமான பெண்களுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்னும் இல்ல, சிலருக்கு லாக்டோபேசில்லஸ் கம்மியா இருந்தும் எந்தத் தொந்தரவும் இருக்காது.

வாயில ஒரு முரண் இருக்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்ங்கிறதும் லாக்டிக் அமிலம் பண்றதுதான், ஆனா அந்த அமிலம் பல்லு எனாமலைக் கரைச்சு சொத்தைப் பல் ஆக்கிடும். அதே அமிலம், வேற இடம், வேற விளைவு. "லாக்டிக் ஆசிட் பாக்டீரியான்னாலே நல்லது"ன்னு யாராவது சொன்னா பல்லைக் காட்டுங்க போதும்.

படி 3: வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிறவங்களைக் காப்பாத்துங்க

என் கருத்துல இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான படி, காசும் அதிகம் ஆகாது. ஏன்னா நீங்க வாயில போடுற பாக்டீரியா பெரும்பாலானது தங்காது, சாப்பிடுற வரைக்கும் மலத்துல கண்டுபிடிக்க முடியும், நிறுத்தினா கொஞ்ச நாள்ல காணாமப் போயிடும். போற வழியில வேலை பண்ணிட்டுப் போகலாம், அது வேற. ஆனா உங்ககூட வருஷக்கணக்கா வாழ்றது ஏற்கனவே இருக்கிறவங்கதான்.

நார்ச்சத்து முதல்ல. பருப்பு, பயறு, காய், பழம், முழு தானியம்னு விதவிதமா சாப்பிடுங்க, அதுல இருக்கிற இனுலின், ஃபிரக்டோ ஒலிகோசாக்கரைடு, எதிர்ப்பு ஸ்டார்ச் எல்லாம் சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடல் வரைக்கும் போய் அங்க இருக்கிறவங்களுக்குச் சாப்பாடா ஆகும். இதுக்குத்தான் ப்ரீபயாட்டிக்னு பேர், 1995ல கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் அந்தப் பேரைக் கொண்டு வந்தாங்க. திடீர்னு அளவைக் கூட்டினீங்கன்னா வயிறு உப்பும், காத்து பிரியும், அதனால ரெண்டு மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

ஆன்டிபயாட்டிக் டாக்டர் சொன்னா முழுசா எடுங்க, சொல்லாதப்போ சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. வைரஸை அது ஒண்ணும் பண்ணாது, உள்ள இருக்கிறவங்களைத்தான் அடிக்கும்.

பிறப்புறுப்பை உள்ள தண்ணியோ வேற திரவமோ பீய்ச்சிக் கழுவுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அது லாக்டோபேசில்லஸ் கூட்டத்தைக் கலைச்சு பாக்டீரியல் வஜைனோசிஸ் (வேற பாக்டீரியாக்கள் அங்க பெருகுறதால வர்ற தொந்தரவு) வர்ற வாய்ப்பைக் கூட்டுது. வெளிப்பக்கம் மட்டும் கழுவினா போதும். வாசனை ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

குழந்தைக்கு முடிஞ்ச வரைக்கும் தாய்ப்பால். முடியாதவங்க குற்ற உணர்ச்சியில தவிக்க வேண்டாம், குழந்தை வளர்ந்து மத்த உணவு சாப்பிட ஆரம்பிக்கும்போது குடல் கூட்டம் எப்படியும் மாறும்.

படி 4: உங்க பிரச்சினைக்கு ஆதாரம் இருக்கான்னு பாருங்க

புரோபயாட்டிக்னா என்னன்னு 2001ல எஃப்ஏஓவும் (ஐ.நா.வோட உணவு, வேளாண்மை அமைப்பு) உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஒரு வரையறை சொன்னாங்க, அதோட சாரம் இதுதான்: உயிரோட இருக்கணும், போதுமான அளவுல கொடுக்கணும், கொடுத்தவங்களுக்கு நன்மை நடந்திருக்கணும். மூணுல ஒண்ணு இல்லன்னாலும் அது புரோபயாட்டிக் இல்ல. இதுல மூணாவதுதான் சிக்கல், ஏன்னா நன்மைங்கிறது இனத்துக்கு இல்ல, ஸ்ட்ரெய்னுக்கு, அதாவது ஒரே இனத்துக்குள்ள இருக்கிற தனித்தனி வகைக்கு. ஒரே ராம்னோசஸ் இனத்துக்குள்ளயே எல்ஜிஜிங்கிற ஸ்ட்ரெய்ன் (1980கள்ல கோர்பாக், கோல்டின்னு ரெண்டு பேர் பிரிச்சு எடுத்தது, கடைசி ரெண்டு எழுத்தும் அவங்க பேர்தான்) ஒரு விஷயத்துக்கு வேலை பண்ணுச்சுன்னா அதே இனத்துல வேற ஸ்ட்ரெய்ன் பண்ணும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

ஆதாரம் ஓரளவு பலமா இருக்கிற இடங்களைச் சொல்றேன். ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது வர்ற வயித்துப்போக்கைத் தடுக்க, குழந்தைகளை வச்சு நடந்த ஆய்வுகளை எல்லாம் 2019ல தொகுத்துப் பாத்தப்போ புரோபயாட்டிக் எடுத்தவங்கள்ல 8 சதவீதம் பேருக்கும் எடுக்காதவங்கள்ல 19 சதவீதம் பேருக்கும் போக்கு வந்திருக்கு. ஒரு நாளைக்கு 500 கோடியோ அதுக்கு மேலயோ கொடுத்தப்போதான் பலன் நல்லா தெரிஞ்சிருக்கு. எல்ஜிஜியும் சாக்கரோமைசஸ் பூலார்டியும்தான் முன்னாடி நிக்குது. பூலார்டி பாக்டீரியாவே இல்ல, அது ஈஸ்ட், அதனால ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது, அது ஒரு வசதி.

தாய்ப்பால் குடிக்கிற பச்சைக் குழந்தை மணிக்கணக்கா காரணமே இல்லாம அழுற கோலிக்குக்கு ரியூட்டெரி டிஎஸ்எம் 17938ங்கிற ஸ்ட்ரெய்ன், ஒரு நாளைக்கு 10 கோடி அளவுல, அழுகை நேரத்தைக் குறைச்சதா பல ஆய்வுகள் இருக்கு. பால் பவுடர் குடிக்கிற குழந்தைங்க விஷயத்துல அந்த அளவுக்குத் தெளிவு இல்ல. குழந்தைங்கிறதால டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க.

பால் குடிச்சா வயிறு உப்புறவங்களுக்கு உயிருள்ள கல்ச்சர் (புளிக்க வைக்கிற பாக்டீரியா) இருக்கிற தயிர். இது ரொம்ப நேரடியான விஷயம், தயிர்ல இருக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸும் லாக்டேஸ் நொதியை கூடவே கொண்டு போய் சிறுகுடல்ல லாக்டோஸை உடைக்க உதவுது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோபயாட்டிக் நிறுவனங்கள் கொண்டு வந்த கோரிக்கைகளை வரிசையா தள்ளுபடி பண்ணப்போ 2010ல இதை மட்டும் ஏத்துக்கிச்சு, ஒரு கிராம்ல 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்கணும்ங்கிற நிபந்தனையோட.

பாக்டீரியல் வஜைனோசிஸ் திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு, ஆன்டிபயாட்டிக் சிகிச்சை முடிச்சப்புறம் கிரிஸ்பேட்டஸ் சிடிவி-05 ஸ்ட்ரெய்னைப் பிறப்புறுப்புல வச்சுப் பாத்த ஒரு ஆய்வு 2020ல வந்துச்சு, 12 வாரத்துக்குள்ள திரும்ப வந்தது 30 சதவீதம் பேருக்கு, பாக்க மருந்து மாதிரியே இருக்கிற வெறும் பொருளை வச்சவங்களுக்கு 45 சதவீதம். நம்பிக்கை தர்ற முடிவு, ஆனா வாய் வழியா எடுக்கிற எந்த மாத்திரைக்கும் இதை அப்படியே பொருத்திடாதீங்க.

ஒடிசாவில கிராமத்துப் பச்சைக் குழந்தைகள் 4,556 பேரை வச்சு நடந்த ஆய்வு 2017ல வெளிவந்துச்சு, பிளான்டாரம் ஸ்ட்ரெய்ன் ஒண்ணையும் ஃபிரக்டோ ஒலிகோசாக்கரைடையும் வெறும் 7 நாள் கொடுத்ததுல செப்சிஸும் (உடம்பு முழுக்கப் பாதிக்கிற கடுமையான தொற்று) மரணமும் சேர்த்து 9 சதவீதத்துல இருந்து 5.4 சதவீதமா குறைஞ்சுது. அந்தக் குழந்தைகள் எல்லாம் தாய்ப்பால் குடிச்ச, ஓரளவு நல்ல எடையோட பிறந்த குழந்தைகள், இதையும் சேர்த்தே படிக்கணும்.

இப்ப வேலை பண்ணாத பக்கம். சாதாரண வயித்துப்போக்கோட ஆஸ்பத்திரி வந்த சின்னக் குழந்தைகளுக்கு எல்ஜிஜி கொடுத்து அமெரிக்காவிலயும், வேற கலவை கொடுத்து கனடாவிலயும் நடந்த ரெண்டு பெரிய ஆய்வு 2018ல வந்துச்சு, ரெண்டுலயுமே பலன் இல்ல. போக்கு வந்தா முதல்ல ஓஆர்எஸ், அதை விட்டுட்டு புரோபயாட்டிக் பாக்கெட்டைத் தேடாதீங்க. அதே 2018ல இஸ்ரேல்ல நடந்த ஒரு ஆய்வுல, ஆன்டிபயாட்டிக் முடிச்சவங்க பல ஸ்ட்ரெய்ன் கலந்த புரோபயாட்டிக் எடுத்தப்போ அவங்களோட சொந்தக் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்புறது தாமதமாச்சுன்னு தெரிஞ்சுது. போக்கைத் தடுக்கிறது ஒரு நோக்கம், பழைய கூட்டத்தைத் திரும்பக் கொண்டு வர்றது இன்னொரு நோக்கம், ரெண்டும் ஒண்ணு இல்ல, இதைக் குழப்பிக்காதீங்க.

படி 5: லேபிளைப் படிங்க

பேர் மூணு பகுதியா இருக்கணும்: பேரினம், இனம், ஸ்ட்ரெய்ன் குறியீடு. குறியீடு இல்லன்னா ஆய்வோட ஒப்பிட்டுப் பாக்க வழியே இல்ல, கீழ வச்சுட்டு வந்துடுங்க. அடுத்து சிஎஃப்யூ, அதாவது வளர்ந்து கூட்டமாகக்கூடிய உயிருள்ள பாக்டீரியா எண்ணிக்கை. 100 கோடி, 1000 கோடின்னு போட்டிருப்பாங்க. அது தயாரிச்ச அன்னிக்கு இருந்த எண்ணிக்கையா, காலாவதி தேதி வரைக்கும் இருக்கும்னு சொல்ற எண்ணிக்கையான்னு பாருங்க, ரெண்டாவதுதான் நமக்கு வேணும், ஏன்னா அலமாரியில இருக்க இருக்க செத்துக்கிட்டே இருக்கும். பெரிய நம்பர்னா பெரிய நன்மைன்னு இல்ல, ஆய்வுல எவ்வளவு கொடுத்தாங்களோ அவ்வளவு இருந்தா போதும். 15 ஸ்ட்ரெய்ன் கலந்ததுன்னு பெருமையா போட்டிருந்தாலும் அந்தக் கலவையை யாராவது பரிசோதிச்சிருக்காங்களான்னுதான் கேக்கணும்.

"லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜெனஸ்"னு போட்டிருந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்படி ஒரு லாக்டோபேசில்லஸ் கிடையாது, லாக்டோபேசில்லஸ் ஸ்போரே உண்டாக்காது. அது பேசில்லஸ் கோயாகுலன்ஸ், அதுவும் லாக்டிக் அமிலம் பண்ணும், ஸ்போர் இருக்கிறதால சூட்டைத் தாங்கும், கெட்ட பொருள்னு சொல்லல, ஆனா வேற உயிர். பேரையே சரியா போடாத கம்பெனி மத்ததை எப்படிப் போடும்னு யோசிச்சுப் பாருங்க.

தயிர் வாங்கினா உயிருள்ள கல்ச்சர் இருக்குன்னு போட்டிருக்கான்னு பாருங்க. கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தரப்படி ஒரு கிராம் யோகர்ட்ல குறைஞ்சது 1 கோடி ஸ்டார்ட்டர் (பாலைப் புளிக்க வைக்கிற) பாக்டீரியா இருக்கணும், அதுக்கு மேல தனியா பேர் சொல்லி விக்கிற பாக்டீரியான்னா அது 10 லட்சம். புளிச்சப்புறம் சூடு பண்ணின பொருள்ல உயிரோட எதுவும் மிஞ்சாது.

படி 6: வச்சிருக்கிறதும் எடுக்கிறதும்

ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொன்னா ஃபிரிட்ஜ்லயே வைங்க. ஈரமும் சூடும்தான் எதிரி, ஈரக் கையால டப்பாவுக்குள்ள விடாதீங்க, கொதிக்கிற பால்லயோ சூடான கஞ்சியிலயோ கலக்காதீங்க. இரைப்பை அமிலத்துல நிறைய சாகும், சாப்பாட்டோட எடுத்தா கொஞ்சம் தப்பிக்கும். ஆன்டிபயாட்டிக்கோட எடுக்கிறதுன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு மணி நேரமாவது விடுங்க, ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ளயே தொடங்குங்க, போக்கு வந்தப்புறம் ஓடிப் போய் வாங்கினா தடுக்கிற வாய்ப்பு போயிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் ஆரம்பிங்க. எந்தத் தொந்தரவுக்காக எடுக்கறீங்களோ அதைத் தினமும் ஒரு வரி எழுதி வைங்க, நாலு வாரம் பாத்தும் வித்தியாசம் தெரியலன்னா நிறுத்துங்க. "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்"னு வருஷக்கணக்கா எடுக்கிறவங்க நிறைய, அதுல யாருக்கும் பிரயோஜனம் இல்ல. ஆரம்பத்துல லேசா உப்புசம், காத்து வரலாம், அது சில நாள்ல போயிடும்.

படி 7: யார் தொடக் கூடாது

இதைத் தவறாம படிங்க. ஆரோக்கியமானவங்களுக்கு இவங்களால பெரிசா ஆபத்து இல்ல, ஆனா நோய் எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்க, கீமோதெரபி எடுக்கிறவங்க, ரத்தக்குழாய்ல மையக் கதீட்டர் போட்டிருக்கிறவங்க, தீவிர சிகிச்சைப் பிரிவுல இருக்கிறவங்க, இவங்க டாக்டர் சொல்லாம எடுக்கக் கூடாது. அரிதா இருந்தாலும் அந்த பாக்டீரியாவே ரத்தத்துல கலந்து தொற்று ஆன சம்பவங்கள் பதிவாகியிருக்கு. 2008ல நெதர்லாந்துல கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு புரோபயாட்டிக் கொடுத்துப் பாத்த ஆய்வுல, கொடுத்த பக்கம் 16 சதவீதம் பேரும் கொடுக்காத பக்கம் 6 சதவீதம் பேரும் இறந்தாங்க. நல்லது பண்ணும்னு நினைச்சுக் கொடுத்ததுதான். குறைமாசக் குழந்தைகள் விஷயத்துலயும் அமெரிக்காவோட எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) 2023ல எச்சரிக்கை விட்டுச்சு. சிறுகுடல் பெரும்பகுதி அறுவை சிகிச்சையில எடுக்கப்பட்டவங்களுக்கு டி-லாக்டிக் அமிலம் ரத்தத்துல சேர்ந்து மூளைக் குழப்பம், தள்ளாட்டம் வரலாம், அவங்களும் ஜாக்கிரதை.

படி 8: வளர்க்கிற உயிர்களுக்கு

முதல் விதி, மனுஷங்களுக்கானதை அப்படியே கொடுக்காதீங்க. ரியூட்டெரிங்கிற ஒரே இனம் மனுஷன், எலி, பன்னி, கோழி எல்லாத்துலயும் இருக்கு, ஆனா பரம்பரையைப் பாத்தா ஒவ்வொரு உயிருக்கும் தனித்தனி கிளையா பிரிஞ்சு அந்த உயிருக்குள்ள வாழவே பழகியிருக்கு. எலியோட ஸ்ட்ரெய்ன் எலி வயித்துலதான் நல்லா ஒட்டும்.

மாடு, ஆடுதான் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய இடம். முதல் இரைப்பையான ரூமென்ல பிஎச் சுமார் 6க்கு மேல இருக்கும், அங்க புல்லை உடைக்கிற பாக்டீரியாக்கள்தான் முக்கியம். திடீர்னு நிறைய தானியமோ மாவோ உள்ள போனா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் சரசரன்னு பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும், பிஎச் விழும், விழுந்தா அமிலம் தாங்குற லாக்டோபேசில்லஸ் வந்து இன்னும் கொட்டும், லாக்டேட்டைத் தின்னு சமநிலை பண்ண வேண்டிய மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனி மாதிரியான பாக்டீரியாவால அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. மாடு தீவனம் எடுக்காது, அசை போடாது, தள்ளாடும், படுத்துடும், சாகவும் சாகும். அதனால அடர்தீவனத்தைக் கூட்டணும்னா ரெண்டு மூணு வாரத்துல படிப்படியா கூட்டுங்க, நார்த்தீவனத்தைக் குறைச்சுடாதீங்க. மாடு கட்டை அவுத்துக்கிட்டுப் போய் தானிய மூட்டையில வாய் வச்சுடுச்சுன்னா அறிகுறி வர்ற வரைக்கும் காத்திருக்காம கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. அந்த நேரத்துல "வயித்துக்கு நல்லது"ன்னு புளிச்சதை ஊத்துறது எரியிற இடத்துல இன்னும் அமிலம் ஊத்துற வேலை.

கன்னுக்குட்டிக்கு ரூமென் இன்னும் வேலையே ஆரம்பிக்கல, பால் நேரா நாலாவது இரைப்பைக்குப் போகும், அதனால அங்க லாக்டிக் பாக்டீரியா வேலை செய்ய இடம் இருக்கு, கழிச்சலைக் குறைக்க கன்னுக்கான தயாரிப்புகள் இருக்கு. ஆனா பிறந்த முதல் சில மணி நேரத்துல சீம்பால், உடல் எடையில சுமார் 10 சதவீதம், அதைக் கொடுக்காம எந்தப் பொடி கொடுத்தும் ஈடாகாது.

சைலேஜ் (பச்சைத் தீவனத்தைக் காத்துப் படாம புளிக்க வச்சு சேமிக்கிறது) போடுறவங்களுக்கு இவங்க நேரடியான கூட்டாளி. தீவனத்துல உலர் பொருள் 30 முதல் 40 சதவீதம் இருக்கிறப்போ வெட்டி, பொடியா நறுக்கி, காத்து இல்லாம நல்லா மிதிச்சு அமுக்கி மூடுங்க, பிளான்டாரம் மாதிரியான பாக்டீரியா பிஎச்சை 4 பக்கம் கொண்டு வந்து கெடாம வச்சுக்கும். இனாக்குலன்ட் (தீவனத்துல தூவுற பாக்டீரியா தயாரிப்பு) போட்டா ஒரு கிராம் பச்சைத் தீவனத்துக்கு 1 லட்சம் சிஎஃப்யூ கணக்கு, குளோரின் கலந்த தண்ணியில கரைச்சா பாக்டீரியா அங்கயே செத்துடும், அதைக் கவனிங்க. குழியைத் திறந்தப்புறம் சூடாகுது, பூஞ்சை பிடிக்குதுன்னா பியூக்னரிங்கிற லாக்டிக் பாக்டீரியா இருக்கிற இனாக்குலன்ட் பாருங்க, அது அசிட்டிக் அமிலமும் பண்ணி பூஞ்சையை அடக்கும்.

கோழிக்குஞ்சு விஷயம் 1973லயே தெளிவாச்சு. பின்லாந்துல நூர்மியும் ரன்டாலாவும் வளர்ந்த கோழியோட குடல் பாக்டீரியாவை அப்ப பொரிச்ச குஞ்சுக்குக் கொடுத்துப் பாத்தாங்க, சால்மோனெல்லாங்கிற நோய்க்கிருமிக்கு ஒட்ட இடமே கிடைக்கல. இன்குபேட்டர்ல பொரியிற குஞ்சு தாய்க்கோழியைப் பாக்கிறதே இல்ல, அதோட குடல் காலியா இருக்கு, யார் முதல்ல வர்றாங்களோ அவங்க இடம் பிடிப்பாங்க. அதனால கொடுக்கிறதுன்னா முதல் நாளே, குளோரின் இல்லாத தண்ணியில, ஆன்டிபயாட்டிக் ஓடாத நேரத்துல. பத்து நாள் கழிச்சு யோசிச்சா இடம் ஏற்கனவே நிரம்பியிருக்கும்.

பன்னிக்குட்டி பால் மறக்கிற நேரத்துல கழிச்சல் வரும், ஐரோப்பாவில 2006ல இருந்து வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறதைத் தடை பண்ணினப்புறம் இந்தப் பக்கம் கவனம் கூடுச்சு. நாய்க்கு என்டரோகாக்கஸ் ஃபேசியம் எஸ்எஃப்68 மாதிரி நாய்க்குன்னே பரிசோதிச்ச ஸ்ட்ரெய்ன் இருக்கு, அதைக் கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க. மனுஷங்களுக்கான சவைக்கிற மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீங்க, அதுல இனிப்புக்கு சைலிட்டால் இருந்தா நாய்க்கு அது விஷம், ரத்தச் சர்க்கரை சட்டுனு விழும், ஈரல் கெடும்.

தேனீ வளர்க்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தேனடை அறையில இருந்து புதுசா வெளிய வர்ற வேலைக்காரத் தேனீ குடல்ல கிட்டத்தட்ட பாக்டீரியாவே இருக்காது, மத்த தேனீக்களோட பழகி சில நாள்லயே லாக்டோபேசில்லஸ், பாம்பிலாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம், கூடவே இன்னும் சில இனம்னு ஒரு சின்ன, நிலையான கூட்டம் சேர்ந்துடும். டெட்ராசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் கொடுத்த தேனீக்கள்ல இந்தக் கூட்டம் குறைஞ்சு, கூட்டுக்குத் திரும்ப விட்டப்புறம் உயிரோட மிஞ்சினதும் குறைஞ்சதா ஆய்வு இருக்கு. நோய் உறுதியாகாம முன்னெச்சரிக்கைன்னு ஆன்டிபயாட்டிக் தூவாதீங்க, புதுத் தேனீக்களைப் பெரியவங்ககிட்ட இருந்து பிரிச்சு வைக்காதீங்க, அறுவடை பண்றப்போ அவங்களுக்குன்னு தேனும் மகரந்தமும் போதுமான அளவு விட்டுட்டு எடுங்க.